வால்வில் கேட்காத காலடி

ஓய்வுபெற்றபின் அயனம்பாக்கத்து ஃப்ளாட்டுக்கு நான் ஆசையாக வாங்கிவந்த பொருள் ஒரு சிடி பிளேயர். பாட்டு வெளியேறும் கடைசிக் கட்டத்தில் பழைய ரேடியோவில் இருப்பதுபோல் இரண்டு சின்னக் கண்ணாடி வால்வுகள் வைத்த ரகம். அவை சூடேறியதும் வயலின் காதை உறுத்தாது. பக்கத்தில் அமர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். ஆனால் ஒரு வால்வு அதிர்வு தாங்காது. ஹாலில் யாராவது நடந்தால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று மணி அடிக்கும்.

வால்வை மாற்றியிருக்கலாம். பிளேயர் இருந்த அலமாரிக்கு அடியில் ஆடிய டைலையாவது பூசச் சொல்லியிருக்கலாம். மனைவியை நடக்காதே என்று சொல்வது சுலபமாக இருந்தது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஹால். நான் பாட்டுப் போட்டால் அவள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது சமையலறை. கதவு சாத்தியிருக்கும், ஏரிக் கொசுவுக்காக ஜன்னலும். உள்ளே மின்விசிறி கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, ஆலாபனை நடுவே ‘டிங்’ என்று பெரிதாக அடித்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். “மெதுவா!” என்று கத்தினேன். அப்புறம் சத்தமே இல்லை. சிடி முடிந்து தண்ணீர் குடிக்கப் போனேன். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தது.

“ஏன் கூப்பிடல?”

“அதான் மெதுவான்னீங்களே. முடியட்டும்னு இருந்தேன்.”

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஆயா உள்ள உழுந்து கெடக்க சொல்ல, நீ இன்னா பெர்சு, வெளியூர்லயா இருந்த?”

“பாட்டு கேட்டுக்கிட்டிருந்தாருப்பா,” என்று அவள் எனக்காகப் பரிந்தாள்.

“அம்மாம் பெரிய பாட்டா!”

வலியோடு அவள் சிரித்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, பிளேயரை விற்றுவிடுகிறேன் என்றேன்.

“எனக்காக ஒண்ணும் விக்க வேணாம். அப்புறம் அந்தப் பழியையும் நான் சுமக்கணும்.”

நேற்று பாட்டைப் போட்டுவிட்டு, சமையலறையில் இருந்தவளுக்குக் குரல் கொடுத்தேன். “வா, எப்படி வேணா நட. மணி அடிக்கட்டும்.” கண்ணை மூடி அந்த மணிக்காகக் காத்திருந்தேன். வயலின் சுத்தமாகக் கேட்டது. வரமாட்டாள் என்று நினைத்து, நிறுத்த எழுந்தேன். படுக்கையறையில் அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக, ஒரு டைல்கூட அசையாமல் ஹாலைக் கடக்க அவள் எப்போதோ பழகியிருந்தாள்.