பிரீசரில் உறைந்த ஊசி

போன வாரம் ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஜெனிபர் அழுதுகொண்டே ஓடி வந்தாள். கையில் பேனா மாதிரி ஒரு ஊசி — உள்ளே மருந்து கல்லாய் உறைந்து கிடந்தது.

குழந்தைக்காகச் சேலத்தில் சிகிச்சை எடுப்பவள். கருமுட்டை வளர்வதற்கான ஹார்மோன் மருந்து அது. பிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். மாமியார் பாசம் பொங்கி, பிரீசரில் வைத்துவிட்டார்!

"நொம்ப ஜில்லுன்னு இருந்தா கெடாதுன்னு நெனச்சேனுங்க..." என்று அந்த அம்மாள் வாசலிலேயே கண்ணைத் துடைத்தார். ஏற்காட்டுக்காரர்கள் குளிரைச் சந்தேகப்படுவார்களா என்ன?

கிளினிக்குக்குப் போன் போட்டோம். உறைந்ததைப் போடவே கூடாது, சாயங்காலத்துக்குள் வாருங்கள் என்றார்கள். பேனா ஊசி ஸ்டாக் இல்லையாம். டாக்டர் பழைய பவுடர் ஊசிக்கு மாற்றித் தருவாராம். இதுவே கடைசி முறை, இனி உடம்பு தாங்காது என்று ஜெனிபர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள். கணவன் லாரியோடு கேரளாவில். நான்தான் கூடக் கிளம்பினேன்.

பவுடர் ஊசி... கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

எனக்குப் போட்டது அதுதான். கண்ணாடிக் குப்பியில் துளி வெள்ளைப் பொடி. தண்ணீர் மருந்து தனி. இரண்டையும் கலந்து இடுப்பில் குத்துவார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் கணவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூடவே பஸ் ஏறுவார். ஊசி எனக்கு — கண்ணை மூடிக்கொள்வது அவர்! திரும்பும்போது அடிவாரத்தில் இறங்கி மசால்வடை. பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தாயிற்று, சண்டை போட்டு. பிள்ளை வரவில்லை. இப்போது அவரும் இல்லை.

டாக்டரிடம் ஜெனிபர் கேட்டாள்: "பேனா ஊசிய விட இது மட்டமுங்களா?"

"உனக்கு ரெண்டும் ஒரே வேலையத்தாம்மா செய்யும். பேனாவ வீட்லயே சுலபமா போட்டுக்கலாம், இதக் கலக்கணும். முட்டை வளர்றத ஸ்கேன்ல பாத்து அளவ மாத்திக்கலாம்."

எனக்குப் போட்டதும் இதுதான் என்று பஸ்ஸில் சொல்லியிருந்தேன். அவளுக்கு மனசு ஆறவில்லை. நர்ஸ் மருந்தைக் கலக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கக்கா... இத்தப் போட்டும் உங்களுக்குத் தங்கலீங்களே?"

இத்தனை வருஷத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே கேட்காத கேள்வி. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பயந்தவளிடம் கோபப்பட முடியுமா?

"எனக்கு முட்டை நல்லாத்தான் வளந்துச்சு கண்ணு. அதுக்கப்புறந்தான் தங்கல. ஊசி மேல பழி போடாத."

என் கையை விட்டாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "போடுங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நாளைக்கும் வரோணுமுங்க. நானே போயிக்கிறனுங்கக்கா. உங்களுக்குப் பழசெல்லாம் நெனப்பு வருமுங்க..."

வரட்டுமே! கட்டாயம் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாட்கள் எனக்குப் பிள்ளை தரவில்லை. ஆனாலும் யாராவது திருப்பிக் கொடுத்தால் — ஊசியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன்!