பட்டியலில் விட்ட வீடு

மாதாவை ஒரு வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்தவள் நான். தெரிந்தே செய்தேன்!

ஒக்டோபர் மாதம் எங்கள் கரையில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அயலெல்லாம் அங்கே கூடிச் செபமாலை சொல்லும். எந்த நாளில் எந்த வீடு என்று பட்டியல் எழுதுவது, செபக்குழுத் தலைவி என்ற முறையில் என் வேலை. வழக்கமாகக் கடைசி நாள் மெற்றில்டாவின் வீடு. அதை நான் விட்டுவிட்டேன். மறதி என்று நினைக்காதீர்கள்... எழுதிவிட்டு வெட்டினேன்.

யார் இந்த மெற்றில்டா? என் எதிரி என்றால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! என் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த நாட்களில், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் நான். அவள்தான் பின்னேரம் தவறாமல் வந்து என் பக்கத்தில் இருந்தாள். புத்தி சொல்லவில்லை. தன்பாட்டில் செபமாலை சொல்வாள். ஒரு நாள் என் வாயும் சேர்ந்துகொண்டது. இன்று என்னிடம் விசுவாசம் என்று ஏதாவது இருந்தால், அது அவள் போட்ட பிச்சை.

பிச்சை... பார்த்தீர்களா, என் வாயில் வருகிற சொல்லை! அதுதான் என் நோய். “செலினை ஆளாக்கினது மெற்றில்டாதானே” என்று ஊர் சொல்லச் சொல்ல, நன்றி எனக்குள் புளித்துப்போனது. அவள் செபித்தால் எல்லாரும் அழுவார்கள். நான் செபித்தால் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

அந்தக் கடைசி நாளில் சொரூபம் அவள் வீட்டைத் தாண்டி நேரே கோயிலுக்குப் போனது. வீடு கழுவி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டு, மெழுகுதிரியோடு அவள் வாசலில் நின்றாள். நான் பாட்டை இன்னும் உரக்கப் பாடினேன்.

மறுநாள் வந்தாள்.

“அக்கா, என்னில ஏதும் பிழையா?”

“எனக்கென்ன தெரியும்? பாதர் தந்த லிஸ்ட்.”

“சரி அக்கா. பாதருக்கு ஏதும் காரணம் இருக்கும்.”

பாதருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறாமைப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன். யார்மேல், என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. மன்னிப்பும் தந்தார்... எதற்கு?

அடுத்த ஒக்டோபர் வருமுன் மெற்றில்டா இத்தாலியில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். போன மாதம் என் போனுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னாள். செபமாலை முடிந்ததும் எழுந்து நின்று வாசித்தேன்.

“உங்கட அன்பிலதான் நான் வளர்ந்தேன். ஒவ்வொருத்தரையும் நினைச்சுக் கடவுளுக்கு நன்றி சொல்றேன். செலின் அக்காவுக்கு விசேஷமா.”

அதற்கு அடுத்த வரி இது: “அந்த வருஷம் மாதா என்ட வீட்டுக்கு வரல்ல. என்னில என்ன குறை எண்டு இன்னும் மாதாகிட்ட கேட்டுக்கொண்டுதான் இருக்கேன்.”

அதை நான் வாசிக்கவில்லை. தாண்டிப்போய் ஆமென் என்றேன்.

எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். என் கண்ணீரைப் பார்த்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். அத்தனை கைகளுக்கும் நடுவில் நான் தனியே நின்றேன்! அவர்கள் நேசிக்கும் செலின் வேறு யாரோ... அவளை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன். “உன்னில் ஒரு குறையும் இல்லை மெற்றில்டா. பட்டியலில் உன்னை வெட்டினது நான்தான்.” எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, கூப்பிய கைகளின் படம் ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

“தேங்க்ஸ் அக்கா. எனக்காகச் செபியுங்க. உங்கட செபத்தைத்தான் நம்பியிருக்கேன்.”