முரளியின் நாடகத்தில் பூத்த கரும்பு

நண்பன் முரளி ஆண்டு விழாவுக்குச் சோக நாடகம் எழுதினான். நாலு சாவு இருக்கிறது, மோதல்தான் இல்லை என்று தமிழ் ஐயா திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளைக்குள் திருத்தித் தரணும்.

இன்று மூங்கில்துறைப்பட்டு பஸ்ஸில் எனக்குப் படித்துக் காட்டினான். காட்சிக்குக் காட்சி கரும்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது.

முன்சீட்டு அக்கா திரும்பினார். "பூக்குற வரைக்கும் வெட்டாம இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

"அது சாவுக்குக் குறியீடுக்கா," என்றான் முரளி.

"ஒரு வீட்டுல அண்ணனுக்கு மட்டும் மில்லுல வெட்டு ஆர்டர் வந்துச்சுன்னு வை. தம்பி கரும்பு பூத்துக்கினு நிக்கும், எடை போயி காசும் போயிடும். அப்புறம் அண்ணனாவது, தம்பியாவது."

முரளி அங்கேயே நாலு சாவையும் அடித்துவிட்டான்.

அதில் ஒரு பிணம் நான். சும்மா படுத்திருந்தால் போதும் என்றுதான் நடிக்க ஒப்புக்கொண்டேன். இப்போது நான்தான் தம்பியாம், மூன்று பக்கம் வசனம்.

தம்பியைச் சாகடிக்க வழி கேட்கணும், அந்த அக்கா நாளைக்கும் அதே பஸ்ஸில் வருவாரா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.