அம்மா வரும் சரக்கு வண்டி

எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய்விட்டார். அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில், தலை நிறையக் கனகாம்பரமும் பட்டுச்சேலையுமாக நின்றவரைக் காட்டி, அதுதான் அம்மா என்று அத்தை சொல்லித் தந்திருந்தார். மாதத்தில் இரண்டு முறை போனில் வரும் குரலுக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

வாளையாரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்கு நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. அவருடைய அக்காதான் என்னை வளர்த்த அத்தை. அத்தை நன்றாகப் பேசுவார், ஆனால் டிவியோடு. பள்ளி விட்டு வந்தால் என்னோடு பேச ஆள் கிடையாது.

நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சினின் படம். உயரமான புகைபோக்கி, பக்கத்துக்கு மூன்றே சக்கரம். அம்மா பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் இப்படிப் பழைய எஞ்சின் படங்களாகவே சேர்த்து வைத்திருந்தாராம். அட்டை போட அவருக்கு யாரும் இல்லாததால் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். ‘இதுக்குப் பேரு ஜி 3. ஜி-ன்னா, நம்மூரு கூட்ஸ் மாதிரி இங்கயும் சரக்கு வண்டிதான் கண்ணு. நூறு வருசத்துக்கு மேல பழசு’ என்று அம்மா எழுதியிருந்தார். எப்போது வருவார் என்று ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். அவர் டயரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “அந்த வண்டியிலதான் வந்துட்டிருக்கறாங்க சாமி. சரக்கு வண்டியல்லோ, வர்ற வண்டிக்கெல்லாம் வழி உட்டுப்போட்டு மெதுவாத்தான் வரும்.”

அவருக்கு அது அந்த நேரத்துக்கு ஒரு பதில். நானோ, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். போதாக்குறைக்கு அவர் சொன்னது வாளையாரில் தினமும் கண்ணெதிரே நடந்தது. சரக்கு ரயில் வந்து ஓரத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கும், எக்ஸ்பிரஸ் போகும், பிறகுதான் அது நகரும். எஞ்சின்மேல் எழுதியிருந்த ஆங்கில எழுத்துகளில் ஒரு ஜி-யும் இருந்தது. புகைபோக்கியைத்தான் காணோம். வழியில் எங்கேயாவது கழற்றி வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நடைமேடையின் கடைசி பெஞ்சு எனக்கு வீடானது. சரக்கு வண்டி வந்து நின்றதும், அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவேண்டுமே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பேன். ஒரு பெட்டியும் திறக்காது. கடைசியில் கார்டு மட்டும் கொடியாட்டிக்கொண்டு போவார். அழுகை முட்டும். அழுதால் யாராவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அடக்கிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா வந்தார். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அப்பா மூச்சு விடவில்லை. கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்திருக்கிறார். வீட்டில் நான் இல்லை. ஸ்டேஷனில்தான் இருப்பேன் என்று அத்தை சொன்னதும், அம்மா கால்கூடக் கழுவாமல் தனியாக ஓடிவந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு சரக்கு வண்டி நின்றிருந்தது, குட்டையாக முடி வெட்டி, கண்ணாடியும் ஸ்வெட்டரும் போட்ட யாரோ ஒருவர் என் எதிரே வந்து வண்டியை மறைத்தார் என்பதுதான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. எங்கம்மா வர்ற வண்டி. எறங்கறது தெரிய மாட்டேங்குது” என்றேன்.

அவர் தள்ளி நின்றார். என் பக்கத்தில் நின்று அவரும் வண்டியையே பார்த்தார். எக்ஸ்பிரஸ் போயிற்று. சரக்கு வண்டியும் மெல்ல நகர்ந்து போய்விட்டது. யாரும் இறங்கவில்லை.

“வரலியா கண்ணு?” என்றார்.

“நாளைக்கு வருவாங்க. மூணே சக்கரமல்லோ, லேட்டாத்தான் ஆகும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணெல்லாம் தண்ணீர். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“தூசி உழுந்துருச்சு சாமி.”

நாள் முழுக்கச் சிமெண்டு லாரி ஓடுகிற ஊர். நான் நம்பிவிட்டேன். அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, அத்தை எனக்குச் செய்வதுபோல இமையை விரித்துப் பிடித்து ஊதினேன். கண்ணீர் நிற்கவில்லை. தூசி பெரிதுபோல என்று நினைத்து, இன்னொரு தரம் பலமாக ஊதினேன்.