ஸ்பீக்கரில் ஒலித்த பதில்

என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்து வந்தவள் நான். மைக் கெட்டுப்போன நாளில்கூட கடைசி பெஞ்சுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தேன் என்றும் சொல்லலாம். காரைக்குடிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற ஆலோசகர் வேலை எனக்கு. அந்த அறைக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். எனக்கு ஊர் வைத்த பெயர் எய்ட்ஸ் டீச்சர்.

அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் கிடையாது. பள்ளிக்கூடம், கல்லூரி, மில், ஆத்தங்குடிப் பக்கத்து டைல்ஸ் பட்டறைகள் என்று நான் போய்ப் பேசாத இடமில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது, கொசு கடித்தால் வராது. இதையே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். வீட்டில் சாம்பார் பரிமாறும்போதுகூட அதே தொனியில் பேசுகிறேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

கூட்டத்தில் பேசினால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்களே தவிர, வாயைத் திறந்து ஒன்று கேட்க மாட்டார்கள். அதனால்தான் அந்த வாட்ஸ்அப் எண் வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட க்யூ.ஆர். படத்தைப் போனில் பிடித்தால் நேராக எங்களுக்கு எழுதலாம். பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். முதல் வாரமே கேள்விகள் கொட்டின. பாதிப் பேர் நண்பனுக்காகக் கேட்டார்கள். இந்த வட்டாரத்தில் நல்லவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கெட்ட நண்பன் இருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே, மூன்று வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வியை ஒருவன் நாலே வார்த்தையில் எழுதியிருப்பான்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள் என்றுதான் அந்த எண்ணை அமைத்துக் கொடுத்தவர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒற்றை விரலால் தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட எனக்குப் பொறுமை இல்லை என்பது ஒரு காரணம். பயந்து கிடக்கிற பிள்ளைக்கு எழுத்தைவிடக் குரல் ஆறுதலாக இருக்கும் என்று வாதாடினேன். அதுவும் உண்மைதான். என் குரல் எனக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பதில்களையெல்லாம் பேசியே அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை காலை ஒரு பெண் எழுதியிருந்தாள். வயது இருபது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தாய் தகப்பன் இல்லை. வேறு மாவட்டத்தில் பாட்டியிடம் வளர்ந்து, பாட்டியும் போன பிறகு இங்கே தாய்மாமன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாமன் வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. கொண்டுவந்த மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அது தீர்ந்து ஒன்பது நாள். ‘இனிமே சாப்பிட்டாலும் பிரயோஜனம் இருக்குமா, இல்ல அப்படியே விட்டுரலாமா?’ என்று முடித்திருந்தாள்.

அந்த ‘விட்டுரலாமா’ என்னை உலுக்கிவிட்டது. தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் மற்றவர்களைப் போல வாழ்ந்து கல்யாணம் செய்து பிள்ளையும் பெறலாம். விட்டுவிட்டால் கிருமி தலைதூக்கும், அதே மாத்திரை பிறகு வேலை செய்யாமலும் போகலாம். அவசரமாகப் பேசிப் பதிவுசெய்தேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை, அவள் வயதைச் சொல்லவில்லை, மருத்துவமனை என்றுகூடச் சொல்லவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு.

“ஆத்தா, பயப்படாதே. ஒம்போது நாள் விட்டதுக்காக எல்லாம் போயிராது. இனிமே ஒரு நாள்கூட மாத்திரைய விடக் கூடாது. வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு எங்கிட்ட வா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

சின்னவளோ பெரியவளோ, எல்லாப் பெண்களையும் நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அன்றைக்கு எனக்குப் பெரிய திருப்தி.

அவள் எங்கிருந்து எழுதினாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவள் ஒரு டைல்ஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வார்த்தெடுத்த தரைக்கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஊறவைப்பது அவள் வேலை. நாள் முழுக்கக் கை ஈரம். அங்கே இருக்கிற யாருக்கும் கை சுத்தமாக இருக்காது. ஒருவருக்குச் சிமெண்டு, ஒருவருக்குச் சாயம். அதனால் போன்களையெல்லாம் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். எது அடித்தாலும், யார் கை அந்த நேரத்தில் காய்ந்திருக்கிறதோ அவர் எழுந்துபோய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். போனுக்குச் சொந்தக்காரி இருந்த இடத்திலிருந்தே கத்திப் பேசிக்கொள்வாள். யார் வீட்டுச் சண்டையும் சமையலும் அங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் ஒளிவுமறைவு கிடையாது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை அந்தப் பட்டறைக்குப் போய்ப் பேசியிருக்கிறேன். அந்தக் கட்டம் போட்ட படத்தை அதே ஜன்னலுக்கு மேலே ஒட்டியதும் நான்தான். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் அறைக்கு வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அதே பட்டறையில் காய்ந்த கற்களை வைக்கோல் வைத்துக் கட்டி அடுக்குகிறவர் என்று பிறகு சொன்னார். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவர். உள்ளே வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னையத்தானே டீச்சர் வரச் சொன்னீக” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நான் யாரையும் வரச் சொல்லவில்லையே என்றேன்.

“சொன்னீக. புதங்கெழம. நாந்தேன் போன எடுத்து அமுக்குனேன். அந்தப் புள்ள கை தொட்டிக்குள்ள கெடந்துச்சு. யாரோ பேசி அனுப்பிருக்காகளேன்னு நெனச்சு அமுக்கிட்டேன். ஒங்க கொரலு வந்துச்சு.”

நான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

“நோவுப் பேரு நீங்க சொல்லல. அதுக்கென்ன, ஒங்க கொரலு தெரியாத ஆளு அங்குட்டு யாரு இருக்கா? பதினாலு பேரும் கைய நிப்பாட்டிட்டாக. எய்ட்ஸ் டீச்சருல்ல பேசுதுன்னு ஒருத்தி சொல்லிட்டா. யாருக்கு மாத்திரைன்னா இன்னொருத்தி. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன் டீச்சர். செத்துருவா போல இருந்துச்சு. எனக்குத்தேன் வந்துருக்கு, என் போன்ல சார்ஜு நிக்கல, அதேன் இவ நம்பரக் குடுத்து வச்சேன்னு சொல்லிப்புட்டேன்.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அந்தப் புள்ளயத் துணைக்குன்னு கூட்டியாந்து வெளிய ஒக்கார வச்சிருக்கேன். கூப்புடவா?” என்றார்.

அந்தப் பெண் வந்தாள். ஒல்லியாக, விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப்போய் இருந்தாள். என்னை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்ன அந்தக் குரல் அன்றைக்குச் சரியாக எழும்பவில்லை. அவளுடைய பழைய மையத்துக்குப் போன் செய்து, டாக்டரைப் பார்க்கவைத்து, மாத்திரை வாங்கிக் கையில் கொடுக்கும்போது மணி இரண்டு. இதை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். அவளை முந்திக்கொண்டு அவர் பதில் சொன்னார்.

“எங்க வீட்டுல இருக்கட்டும். எனக்குத்தேன் மாத்திரைன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சுல்ல. நான் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? வேல விட்டுப் போறப்ப வந்து ஒரு வாயி தண்ணியக் குடிச்சுப் போட்டுக்கிட்டுப் போவா.”

நீங்கள் ஒரு பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் உதவும் என்று நினைத்தேன். சரி என்று கையை நீட்டினார். இல்லை என்றுதான் முடிவு வந்தது. மடித்துக் கொடுத்த தாளை அவர் தொடவில்லை.

“இத வீட்டுல வச்சா யாராச்சும் பாத்துப்புடுவாக. அப்ப மாத்திரை யாருக்குன்னு கேப்பாக. நீங்களே வச்சுக்கங்க” என்றார்.

அந்த மாதமே குரலில் பதில் அனுப்புவதை நிறுத்தினேன். பதில்கள் எழுத்தில் போயின. முதலில், ‘நீங்கள் மட்டும் தனியாக இருக்கும்போது 1 என்று அனுப்புங்கள்’ என்று மட்டும் இருக்கும். அந்த 1 வந்த பிறகுதான் பதில். ஒற்றை விரலால் தட்டிப் பழகிக்கொண்டேன். நேரம் ஆகும்தான். ஆகட்டும் என்று இருந்தேன்.

அவர்கள் இருவரும் மாதாமாதம் வந்தார்கள். ஊரின் கண்ணுக்கு அவர் நோயாளி, அவள் துணை. அவள் உடம்பு தேறியது. கிருமி கணக்கில் வராத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அவள் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவரிடம் பட்டறையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நான் ரொம்ப நாள் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஒரு நாள் கேட்டேன். “டீத்தண்ணிக்கு எனக்குத் தனி டம்ளரு. பரவால்ல டீச்சர், அடுத்தவுக டம்ளரக் கழுவுற வேல எனக்கு மிச்சம்” என்று சிரித்தார். அதே பட்டறையில்தான், பேசப் போனபோது, நோய் உள்ள ஒருவரோடு ஒரே டம்ளரில் நான் தண்ணீர் குடித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். மகளின் வளைகாப்புக்கு அவள் மாமியார் வீட்டார் தன்னைக் கூப்பிடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள், அழுதுகொண்டே. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் கிளம்பியதையும், இவர் கதவை மறித்து நின்றதையும் சொன்னாள்.

அவள் இப்போது இந்த மாவட்டத்தில் இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு தூரத்து ஊர் ஒன்றில் இருக்கிறாள். ஒரு குழந்தை, அதற்கு நோய் இல்லை. இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதச் சொன்னார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வுபெற்றேன். மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். என்னைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை அவரிடம் இல்லை. நினைக்க வேண்டியதை ஊர் என்றைக்கோ நினைத்து முடித்துவிட்டது. அவள்தான் போய்விட்டாளே, இனியாவது இதை மகளிடம் காட்டுங்கள், பேரனைத் தூக்குங்கள் என்று கெஞ்சினேன்.

தாளைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். அதில் இருந்த தன் பெயரை விரலால் தடவினார்.

“நோவு எனக்கு இல்லேன்னா, அப்ப அவளுக்குத்தேன்னு ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சுப்புடுவாக டீச்சர். அவ மாமன் வீடு இன்னும் இங்குட்டுத்தேன இருக்கு. நல்ல நாள் கெழமைக்கு அவ வந்து போக வேணாமா?”

தாளை மறுபடியும் மடித்து என் கையில் வைத்தார். பிறகு எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். ஒரு டம்ளரில் எனக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை எதில் ஊற்றுவது என்று அலமாரியைப் பார்த்தார். வீட்டுக்கு யாரும் வருவதில்லை, இரண்டாவது டம்ளர் எங்கோ உள்ளே கிடந்தது. நான் பாதியைக் குடித்துவிட்டு அதே டம்ளரை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார்.