சிவக்காத கண்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதற்குள் துணியில் சுற்றிய ஒரு மண்கட்டி. உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் ஏரி வண்டலின் கறுப்பு, மறுபக்கம் மஞ்சள். லேசாக வளைந்திருக்கும், ஏனென்றால் அது ஒரு கன்னத்தின் துண்டு. வருடங்கள் போயும் அந்த மஞ்சள் பூசிய அன்று இருந்தது போலவே பளிச்சென்று இருக்கிறது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த நிறம் எப்போதோ வெளுத்திருக்க வேண்டும். கட்டியும் கரைந்து யாருடைய நாற்றங்காலிலாவது சேறோடு சேறாகப் போயிருக்க வேண்டும். அப்படிப் போகாமல் அது என் இழுப்பறையில் கிடப்பதற்கு நான்தான் காரணம்.

அந்தக் கன்னத்தைச் செய்தவர் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டினார். நான் அதே பேட்டையில் சாயப்பொடிகள் செய்யும் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். நான் பொன்னேரியில் குடியிருந்தேன். அவர் உள்ளே, ஆரணி ஆற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பைக்கில் வந்து அதே ரயிலைப் பிடிப்பார். பெட்டிக்குள் ஏறும்போதே குரல் வந்துவிடும். "இன்னா சகல, படிச்சவனுக்கு மட்டும் ஜன்னலு, நாங்க தொங்கிக்கினே வரணுமா" என்பார். அடக்கமான மனிதர் இல்லை. தான் தூக்கிய இரும்பின் எடையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். மாமனார் வீட்டில் ஒரு பண்டிகை என்றால் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

அவர் பெருமைப்பட்டதில் பாதி வெறும் வாய்தான். மீதிப் பாதி மாசி மாதத்தில் இருந்தது. சிவராத்திரி முடிந்து வரும் அமாவாசையில் அவர்கள் ஊரில் மயானக் கொள்ளை. சுடுகாட்டு மேட்டில் அம்மனை மல்லாந்து படுத்த கோலத்தில், ஒரு லாரி நீளத்துக்கு, மண்ணாலேயே செய்வார்கள். பூசை முடிந்த கணத்தில் கூட்டம் பாய்ந்து அந்த உடம்பை அள்ளிக்கொண்டு போகும். விதை நெல்லில் ஒரு பிடி, நாற்றங்காலில் ஒரு பிடி, சொன்னபடி கேட்காத குழந்தையின் நெற்றியில் ஒரு தீற்று. பொழுது சாய்வதற்குள் மேட்டில் உருவம் என்று ஒன்றும் இருக்காது. என் சகலைதான் அந்த அம்மனைச் செய்பவர். அவர் அப்பாவுக்குப் பிறகு ஊர் அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. கிரேன் ஓட்டுவது அவருக்குச் சோறு போட்டது. உயிர் இருந்தது இதில்தான்.

நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பதுண்டு. மண் வெட்டுவதிலேயே அவருக்கு ஒரு முறை இருந்தது. ஏரியில் கண்ட இடத்தில் கடப்பாரை போட விடமாட்டார். மதகு வாயை வண்டல் அடைத்திருக்கும் இடத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். அம்மனுக்கு உடம்பு கிடைக்கும், மதகுக்கும் வழி கிடைக்கும். கோரைப் பக்கம் நீர்க்கோழி உட்கார்ந்திருந்தால் அந்த ஓரத்துக்கே ஆள் போகக் கூடாது. ஷிப்டு முடிந்த ஆலைக்காரர்கள் யூனிபாரத்தோடே வந்து மண்ணை மிதித்துப் பதப்படுத்துவார்கள். பெண்கள் வைக்கோலை நறுக்கிக் கொண்டுவருவார்கள். கூந்தலுக்கு உமிக் கரி, உதட்டுக்குக் காவி, சேலைக்கு அவரை இலைச் சாறு. முகத்துக்கு வீட்டுக்கு வீடு அரைத்துத் தரும் மஞ்சள். கடைசியாகக் கண். வெள்ளைவிழிக்குச் சுண்ணாம்பை அவர் தன் விரலாலேயே வைப்பார். ஈர மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் விழியைச் சுற்றி ஒரு சிவப்பு ஓடும். அம்மனுக்குக் கண் சிவந்துவிட்டது என்று பெண்கள் குலவை போடுவார்கள். அவர் எழுந்து நின்று, நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார்.

அள்ளியது போக மேட்டில் மிஞ்சுகிற மண்ணை மறுநாள் மாட்டு வண்டியில் ஏற்றி ஏரிக்கரையின் பள்ளங்களில் கொட்டுவார்கள். செய்ததை ஒரு பொழுது கூட வைத்துக்கொள்ள முடியாதது வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "வெச்சிக்கினு இன்னா பண்றது சகல? ஏரில இருந்து வந்தவ, பத்து ஊட்டுக்குப் போவா, கழனிக்குப் போவா, மறுபடி மழையோட ஏரிக்கே வந்துருவா. நம்மகிட்ட சொம்மா ஒரு நாளு படுத்துனு இருந்தாளே, அது போதாதா" என்றார். ஆண்டுக்கு ஆண்டு அதே மண்தான் சுற்றி வருகிறது என்பது அவர் கணக்கு. நான் படித்த வேதியியலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

பிறகு எல்லார் கையிலும் கேமரா வைத்த செல்போன் வந்தது. பக்கத்து ஊரில் அம்மனுக்குப் பெயின்ட் அடித்து, அந்தப் படம் எல்லா குரூப்பிலும் சுற்றியது. என் சகலையின் அம்மன் முகம் வெயிலில் மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும். மஞ்சளின் குணம் அது. ரயிலில் பசங்கள் கேலி செய்தார்கள். "உங்க அம்மாவுக்கு ரத்த சோகையா மாமா" என்று ஒருவன் கேட்டான். அவர் சிரித்தார். ஆனால் அன்றைக்கு இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சகல, உங்க கம்பெனில வெயிலுக்கு வெளுக்காத மஞ்சா ஒண்ணு இருக்குதாமே" என்றார்.

இருந்தது. அதைச் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் முகமூடி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அவர்களுடைய ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்போம், ஈயம் ஏறியிருக்கிறதா என்று. அந்த அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறவன் நான். இதை விடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு ஒரு பொருளைப் பற்றித் தெரிந்திருக்க முடியாது. அந்த மண் விதை நெல்லுக்கும் குழந்தையின் நெற்றிக்கும் போகும் என்பதும் எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் சுற்றி உட்காரும் அந்த மனிதருக்கு என்னிடம் இருக்கும் ஒன்று தேவைப்பட்டது. கொஞ்சம்தானே, ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பை நிறைய எடுத்துப்போனேன். கையுறை போட்டு நானே கலக்கியும் கொடுத்தேன். நான் கையுறை போட்டதை அவர் பார்த்தார். "படிச்சவன் கை, கறை படக்கூடாது" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆண்டு முகம் தகதகத்தது. படம் எடுக்கக் கூட்டம் நெருக்கியது. அவர் வழக்கம் போல மண்டியிட்டு, விரலில் சுண்ணாம்பைத் தொட்டு விழியை வைத்தார். காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் வைத்தார். வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

"கண்ணு செவக்கல சகல."

"இது வேற மஞ்சள். சுண்ணாம்புக்கு மாறாது" என்றேன்.

"சுண்ணாம்புக்கே மசியலன்னா இது இன்னா மஞ்சா" என்றார். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். உடுக்கை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் குலவை போடாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பூசாரி படையலை வாரி இறைத்துச் சூறையிட்டதும் கூட்டம் பாய்ந்தது. எல்லோருக்கும் முகம்தான் வேண்டியிருந்தது, அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு தாய் தன் கைக்குழந்தையின் நெற்றியில் அந்த மஞ்சளைத் தேய்ப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தை அதை வழித்து வாயில் வைத்தது.

அடுத்த வாரம், பேட்டை வாசலில் உள்ள டீக்கடையில் அவரிடம் சொன்னேன். "அதுல ஈயம் இருக்குது சகல. ஒடம்புக்கு ஆவாது. யாரும் நெல்லுல போட வேணாம்னு சொல்லிடு." அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சா குடுத்த?"

"தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "எம் பேத்தி நெத்தில வெச்சிருக்குது" என்று மட்டும் சொன்னார். வேலைக்குப் போகாமல் திரும்பி, வீடு வீடாக ஏறி மண்ணைத் திருப்பிக் கேட்டார். அது எப்படிப்பட்ட காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அம்மன் தன் உடம்பை அள்ளிக் கொடுத்துவிட்ட பிறகு அதைத் திருப்பிக் கேட்பது போல ஒரு அபசாரம் அந்த ஊரில் கிடையாது. சிலர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். "சாமியயே வாபஸ் கேக்கறியே, ஊடு வெளங்குமா" என்று ஒரு அம்மாள் சாணித் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினார். ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சாயம் கெட்ட சாயம். நாந்தான் எங்கியோ வாங்கினு வந்து பூசிட்டேன்." என் பெயரை அவர் சொல்லவில்லை. என் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

சேர்ந்த மண் சிமென்ட் சாக்குகளில் அவர் வீட்டுப் பின்புறம் கிடந்தது. முதல் முறையாக அந்த மண்ணுக்குப் போக இடமில்லை. ஏரியில் கொட்ட முடியாது, கழனியில் போட முடியாது. கடைசியில் எங்கள் ஆலைக் கழிவோடு சேர்த்து, கழிவைப் புதைக்கும் இடத்துக்கு அனுப்பினேன். அவரும் பின்னாலேயே வந்தார். அங்கே பள்ளம் வெட்டி, அடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து, மேலேயும் விரித்து மூடுவார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். "மண்ணு மேல மண்ணு படக்கூடாதுன்னு நடுவுல கவரு போடறாங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

கோயில் கூட்டத்தில் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட கை இனி அம்மனைத் தொடக் கூடாது என்றார்கள். நான் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உறவுக்காரன் என்பதால் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறை கூட என் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுந்திருந்தால் ஒரு வாக்கியம் போதும். நான் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று சொல்லவும் எனக்கு ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியாது. ஈயம் செய்வதைச் சத்தமில்லாமல் செய்யும்.

அதன் பிறகும் அவர் என் வீட்டுக்கு வந்தார், நாஷ்டா சாப்பிட்டார், கேலி பேசினார். மாசி வந்தால் மட்டும் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு கிரேன் மேலேயே இருப்பார். ரிட்டையர் ஆன பிறகு மதகடியில் வண்டலை வாரிக்கொண்டிருப்பார் என்று கொழுந்தியாள் சொல்வாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை, வாரி ஓரமாகப் போடுவார், அவ்வளவுதான். போன ஐப்பசியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இந்த மாசியில் நான் அந்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் என்னுடையது, தெரிந்தே கொடுத்தேன், அவர் என்னைக் காப்பாற்றினார் என்றேன். தலைகள் நரைத்திருந்தன. பாதிப் பேருக்கு எந்த வருடம் என்றே ஞாபகம் வரவில்லை. இப்போது அம்மனை ஒரு காண்டிராக்டர் தெர்மாகோலிலும் பெயின்ட்டிலும் செய்து தருகிறார். யாரும் வீட்டுக்கு எதுவும் எடுத்துப்போவதில்லை, பூசை முடிந்ததும் ஜேசிபி வந்து தள்ளிவிடுகிறது. மதகு அடைத்துக் கிடக்கிறது. தலைவர், "அதுக்கு இப்ப இன்னா சார் பண்றது? பெரியவரு, நிக்காதீங்க, ஒக்காருங்க. யாருப்பா, சாருக்கு டீ" என்றார்.

டீயைக் குடித்துவிட்டு கொழுந்தியாள் வீட்டுக்குப் போனேன். அவளுக்குச் செய்தி முன்பே போயிருந்தது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எல்லார் ஊட்டுலயும் போய்க் கேட்டாரு, நம்ம ஊட்டுல கேக்க மறந்துட்டாரு. நானும் குடுக்கல. அவ்ளோ அழகா ஒரு மொகத்த அவரு அதுக்கு முன்ன செஞ்சதில்ல மாமா" என்றாள். பிறகு, "நீயே எடுத்துனு போ" என்றாள். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் விரித்த அந்தப் பள்ளத்துக்கு இதை அனுப்ப இன்னும் யாரையாவது கேட்கலாம். கேட்கவில்லை. நேற்று டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன். மனைவியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்து, துளி நீர் விட்டுக் குழைத்து, அந்த மஞ்சளின் மேல் விரலால் வைத்தேன். அவர் செய்தது போலவே காத்திருந்தேன். வெள்ளையாகவே காய்ந்தது.