கொக்கும் முயலும் ஒரு கொடியும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் இத்தாலியன் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் அப்பா என்னைப் பள்ளிக்குப் போகவிடாமல் மறித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போடவைத்துக் கூட்டிக்கொண்டு போவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி கேட்பதை நான் தமிழில் சொல்வேன். அப்பா சொல்வதை இத்தாலியனில் திருப்பிச் சொல்வேன். மாமாவுக்கும் அப்படித்தான். நான் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் பலெர்மோவில் என்ன பாடுபடுவார்கள் என்று இரக்கப்பட்டதும் உண்டு.

மாமா என்பது அம்மாவின் தம்பி. அல்பெர்கேரியா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில், இரண்டே அறையுள்ள வீட்டில் அவரும் எங்களோடு இருந்தார். என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, தலையில் பேன் பார்ப்பது, அம்மா அடிக்க வந்தால் குறுக்கே நிற்பது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து சோற்றுக்கோப்பையின் முன்னால் அமர்ந்ததும் அவருக்கும் அப்பாவுக்கும் விவாதம் தொடங்கும். மன்னாரில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றிலேயே பந்தோடு ஓடுவதில் ஆகப் பெரியவர் யார் என்பதுதான் விஷயம்.

அப்பாவின் ஆள் கொக்கு. மாமாவின் ஆள் முயல். இரண்டும் பட்டப்பெயர்கள். கொக்கு அப்பாவின் காலத்தவர், நீளக் கால்காரர், கோட்டோரமாக ஒரே நேராக ஓடுவார். முயல் மாமாவோடு படித்தவர், குட்டை, எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவருக்கே தெரியாதாம். கொக்கு ஒரு பெருநாள் ஆட்டத்தில் தங்கள் கோல் வாசலிலிருந்து பந்தைக் கொண்டுபோய் அடுத்த கோலில் அடித்தார் என்பது அப்பாவின் பெரிய சாட்சியம். வழியில் எத்தனை பேரை வெட்டினார் என்பது மட்டும் நிலையாக இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஐந்து பேராக இருந்தவர்கள் உயிர்த்த ஞாயிறுக்குள் ஒன்பது பேராகிவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர்தான் மிச்சம், அடுத்த நத்தாருக்குள் அத்தான் அவர்களையும் முடித்துவிடுவார் என்று மாமா சொல்ல, அப்பாவே முதலில் சிரிப்பார்.

அப்படிச் சிரித்து முடிய வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் கையை மீறிப் போனது. அப்பா கழகத்தில் ஆடியவர் அல்ல. எல்லைக்கோட்டில் நின்று கொடி பிடித்தவர். ஒரு இறுதியாட்டத்தில் முயல் கோல் அடித்தபோது, அது ஓஃப்சைட் என்று அப்பா கொடியைத் தூக்கிவிட்டார். சொந்த ஊர் தோற்றது. இந்தக் கதையை அதுவரை வீட்டில் யாரும் தொட்டதில்லை. அன்று மாமா தொட்டார்.

"முயல் கொக்கை முந்துறதைப் பொறுக்கேலாமல்தானே அத்தான் கொடியைத் தூக்கினனீங்கள்?"

அப்பா பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே விட்டார். "என்ரை வீட்டிலை இருந்து, என்ரை சோத்தைத் திண்டுகொண்டு, என்னைக் கள்ளன் எண்டு சொல்லாதை."

அன்று பின்னேரமே மாமா மிலானோவில் இருந்த சிநேகிதருக்குப் போன் எடுத்து வேலை கேட்டார். அடுத்த மூன்று வாரங்கள் வீட்டில் நான்தான் தபால்காரி. குளியலறை காலியா என்பதைக்கூட நான் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா புருஷனுக்கும் தம்பிக்கும் தனித்தனியாகக் கறி பரிமாறிவிட்டுக் குசினிக்குள் போய் மூக்கைச் சிந்துவார். மாமாவின் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டிலுக்கு மேலே ஏறியது. மூன்றாம் ஞாயிறு மாலை ஆறரை ரயிலுக்கு ரிக்கற் எடுத்தாயிற்று. அந்த ரயிலைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடத்துவார்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் போன மாமா திரும்பி வரமாட்டார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்த வீட்டை யாரும் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை. போகிறவர் தன் சொந்தத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் போவார். மாமா பராமரித்தது பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு கிழவரை. விழுந்து எழும்பியதிலிருந்து நடக்க முடியாதவர். நொன்னோ என்று அவருடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதுபோல் நானும் கூப்பிடுவேன். அந்த இடத்தை வெளியாருக்குக் கொடுக்க மாமாவுக்கும் மனமில்லை, விட அப்பாவுக்கும் மனமில்லை. ஆகவே மாமாவின் இடத்தில் அப்பாவை நிறுத்த, அந்த ஞாயிறு மத்தியானம் ஒருவரோடு ஒருவர் கதைக்காத இரண்டு பேரும், நடுவில் நானுமாக நடந்து போனோம்.

நொன்னோவின் மகளான சிஞ்ஞோரா எங்களை உள்ளே விட்டுவிட்டுக் காப்பி போடப் போனார். நொன்னோ பலெர்மோக் கழகத்தின் இளஞ்சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வானொலியில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா ஏன் போகிறார் என்று கேட்டார். நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். கிழவர் நம்பவில்லை. சண்டையா என்றார். எனக்குத் தாங்கவில்லை. உதைபந்துச் சண்டை என்று சொல்லிவிட்டேன். பாதிரியார் வந்தால்கூட வானொலியைக் குறைக்காத மனிதர் அன்று கையை நீட்டி அதை நிறுத்தினார்.

பிறகு விசாரணை. கொக்கு ஓடினார், முயல் வளைந்தார், நான் மொழிபெயர்த்தேன். கடைசியில் கொடிக்கு வந்து சேர்ந்தது. ஓஃப்சைட்தானா என்று நொன்னோ அப்பாவைக் கேட்டார்.

"ரெண்டடி ஓஃப்சைட். ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்," என்றார் அப்பா. அதை அப்படியே சொன்னேன். நீ என்ன கண்டாய் என்று மாமாவைக் கேட்டார். தான் நின்ற இடத்திலிருந்து தனக்கு அப்படித் தெரியவில்லை என்றார் மாமா. நான் நொன்னோவின் பக்கம் திரும்பினேன். என் வாய் தானாக வேறொன்றைச் சொன்னது. மாமா தூரத்தில் நின்றவராம், அவருக்குச் சரியாகத் தெரியாதாம், அப்பா ஒருநாளும் பொய் சொல்லாத மனிதராம், அப்படிக் கதைத்ததற்கு மாமாவுக்கு வெட்கமாக இருக்கிறதாம்.

நொன்னோ அப்பாவைப் பார்த்தார். போகிறவனைத் தான் மறிக்கவில்லை என்று சொல்லச் சொன்னார் அப்பா. அது மாமாவின் வீடும்தான், அவர் போனால் தன் தொண்டைக்குள் சோறு இறங்காது என்று அப்பா சொல்வதாக நான் இத்தாலியனில் சொன்னேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காலம், இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்தேன். நொன்னோ மட்டும் அவர்களின் முகங்களைப் பார்த்து, பிறகு என்னை நீண்ட நேரம் பார்த்தார். தீர்ப்புச் சொன்னார். உலகத்தில் ஆகப் பெரிய ஓட்டக்காரன் தன் தெருவிலிருந்த இறைச்சிக்கடைக்காரனின் மகன், கொக்கும் முயலும் அவனுக்குப் பிறகுதான். சொந்த ஊருக்கு எதிராகக் கொடி தூக்குகிறவன் ஒன்றில் பைத்தியம், இல்லாவிட்டால் நேர்மையானவன், இந்த மனிதரைப் பார்த்தால் பைத்தியமாகத் தெரியவில்லை. அதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழில் சொன்னேன்.

"ரயில் எத்தினை மணிக்கு?" என்றார் அப்பா. என்னிடம் அல்ல.

"ஆறரைக்கு."

"அக்கா இறைச்சிக்கறி வைச்சிருக்கிறா."

மாமா எழுந்து போய்ச் சவரக் கத்தியையும் நுரையையும் எடுத்து வந்து நொன்னோவுக்குச் சவரம் செய்யத் தொடங்கினார். ஆறரை ரயில் அவர் இல்லாமல் போனது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்து, சுத்தமாக இருந்த சட்டைகளையெல்லாம் தோய்க்கப் போட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டேன். அன்று கொக்கு பத்தாவது ஆளையும் வெட்டினார்.

அதன் பிறகு எனக்கிருந்த ஒரே கவலை, இவர்கள் இரண்டு பேரும் இத்தாலியன் படித்துவிடக் கூடாது என்பதுதான். அதற்காகச் செபமும் செய்தேன்.

மூன்று வருடம் கழித்து நொன்னோவின் பிறந்தநாளுக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கேக் தட்டோடு நான் அறைக்குள் போனபோது, அப்பாவும் மாமாவும் விருந்தாளிகளின் நடுவே நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்தைக்காரர்கள் பேசும் சிசிலிய மொழியில், தங்குதடையில்லாமல், கையையும் ஆட்டிக்கொண்டு. அந்தக் கதை, அன்று நான் மாற்றிச் சொன்ன மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னார்கள். நொன்னோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். தட்டோடு நின்ற எனக்குக் காது சுட்டது. அன்றே இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியிருக்கிறது. என்னைக் குவெஸ்தூராவுக்குக் கூட்டிப்போன காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையோடு வருகிறவரிடம் அந்த அதிகாரிகள் குரலை உயர்த்துவதில்லை.

மாமா என்னைக் கண்டுவிட்டார். கிட்ட வந்து, தட்டை வாங்கிக்கொண்டு, தமிழில் சொன்னார்:

"நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. இல்லையெண்டும் சொல்லேல்லை."